வெட்டாமல் தள்ளிய சிப்பாய்

குற்றாலத்தில் சாரல் சமயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் போட்டியில், கடைசிச் சுற்றில் நானும் என் கணவரும் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். நல்ல வேடிக்கை என்கிறார்கள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது.

நான் இலத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருக்குத் தென்காசியில் எலக்ட்ரிகல் கடை. பெண் பார்க்க வந்தபோதே, இரண்டு பேரும் செஸ் ஆடுகிறவர்கள் என்பதை இரு வீட்டாரும் ஜாதகப் பொருத்தத்தோடு சேர்த்துப் பேசினார்கள். நான் கல்லூரி அணியில் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருடம் போர்டைத் தொடவில்லை. அவர் மட்டும் மாதம் ஒரு போட்டிக்கு மதுரை, கோவில்பட்டி என்று போய் வருவார். மகளுக்கு நான்கு வயதானபோது அவரேதான், "நீயும் வாயேன். சும்மா வீட்ல இருந்து என்ன செய்யப் போற?" என்று எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்தார். அதை நான் மறுக்கவில்லை. என்னைத் திரும்ப ஆட்டத்துக்குக் கொண்டுவந்தது அவர்தான்.

இரண்டு வருடம் இருவரும் சேர்ந்தே போனோம். கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டதும் ஒரு ஆட்டம் ஆடிப் பழகுவோம். கறுப்புக் காய் வந்தால் நான் எப்போதும் பிரெஞ்ச் டிஃபன்ஸ்தான். எதிராளி ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவார். நான் என்னுடையதை ஒரு கட்டம்தான் நகர்த்துவேன். பார்க்கிறவர்களுக்குப் பயந்துபோய் ஒதுங்குகிற மாதிரி இருக்கும். உள்ளே இருந்து மெல்ல எழுந்து வருகிற ஆட்டம் அது. அவர் அதற்கு எதிராக எப்போதும் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன்தான் ஆடுவார். மூன்றாவது மூவிலேயே நடுவில் நிற்கும் என் சிப்பாயை வெட்டுவார், நானும் திருப்பி வெட்டுவேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும். கண்ணாடி பார்ப்பது போல. "இந்த ஓப்பனிங்ல நீ என்னைய ஜெயிக்கவும் முடியாது, தோக்கவும் முடியாது" என்பார்.

அந்த வருடம் வைகாசி வாக்கில் வந்த செஸ் தரவரிசைப் பட்டியலில் என் ரேட்டிங் அவருடையதைத் தாண்டிவிட்டது. ஏதோ சில புள்ளிகள்தான். அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "வீட்ல நான் ரெண்டாம் போர்டு அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு சாப்பிட்டதும் போர்டை விரிக்க அவர் கூப்பிடவில்லை. கடையில் வேலை அதிகம் என்றார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தனியாக எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் அருகில் போனால் மூடிவிட்டு, "காபி போடுதியா?" என்பார். இதெல்லாம் அன்று எனக்கு ஒன்றாகச் சேர்ந்து தெரியவில்லை. தனித்தனியாகத்தான் தெரிந்தது.

குற்றாலம் போட்டி இரண்டு நாள், ஏழு சுற்று. மகளைப் பாவூர்சத்திரத்தில் என் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போனோம். மண்டப ஜன்னலுக்கு வெளியே ஈரத் துண்டோடு ஆட்கள் அருவிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். உள்ளே நாங்கள் இருநூறு பேர் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். நான் அந்தப் போட்டியில் நன்றாக ஆடினேன். என் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல ஆட்டம் என்றுகூடச் சொல்லுவேன். ஆறு சுற்று முடிந்தபோது எனக்கும் அவருக்கும் ஒரே புள்ளி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசிச் சுற்றுக்கான பட்டியலை ஒட்டினார்கள். கூட்டத்தில் நுழைந்து பார்த்துவிட்டு வந்த அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் போய்ப் பார்த்தேன். அவர் வெள்ளை, நான் கறுப்பு.

மண்டபத்துக்குப் பின்னால் வண்டிகள் நிற்கிற இடத்தில் நின்று, கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். அங்கேதான் அவர் கணக்குச் சொன்னார். டிரா ஆனால் சிறந்த பெண் ஆட்டக்காரருக்கான கோப்பை எனக்கு. மாவட்டத்துக்காரர்களில் முதலிடம் அவருக்கு. "எதுக்குட்டி ரெண்டு பேரும் அடிச்சுக்கிடணும்? நம்ம எக்ஸ்சேஞ்சை ஆடுவோம். யானையை மாத்திக்கிட்டு, ராணியை மாத்திக்கிட்டு, கை குடுத்துட்டு எந்திரிச்சிருவோம்."

"முன்கூட்டியே பேசி வச்சு ஆடுறது தப்புல்லா?"

"எல்லாரும்தான் ஆடுதாங்க. பெரிய பெரிய ஆளே ஆடுதான். நம்ம வீட்டுக்குள்ள பேசிக்கிடுறதுக்கு யாரு கேக்கப் போறா?"

நான் டிபன் பாக்ஸை மூடினேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பேப்பரை எட்டிப் பார்க்கிற பிள்ளைகளை எழுப்பி வெளியே நிறுத்துகிறவள் நான். ஆனால் எனக்கு அந்தக் கோப்பை வேண்டியிருந்தது. எட்டு வருடமாக என் பெயரை ஒருவரும் மேடையில் கூப்பிட்டதில்லை. "சரி" என்றேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. நானும் சரி என்றேன்.

இரண்டரை மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு மூவுக்கும் முப்பது விநாடி கூடுதல். போட்டி நடுவரான ஆர்பிட்டர் எங்கள் போர்டுக்கு வந்து, "வீட்டுச் சண்டையை இங்கன வச்சுக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நாங்கள் கை கொடுத்துக்கொண்டோம். கல்யாண மேடைக்குப் பிறகு ஊர் பார்க்க அவர் கையைப் பிடித்தது அந்தப் போட்டி மண்டபத்தில்தான் இருக்கும்.

அவர் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். நான் ஒரு கட்டம். அவர் ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தினார். நானும் நகர்த்தினேன். இப்போது அவர் என் சிப்பாயை வெட்ட வேண்டும். நான் குனிந்து, அவர் வெட்டப்போகும் மூவை ஸ்கோர்ஷீட்டில் எழுதுவதற்குப் பேனாவைக்கூடக் கொண்டுபோய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் என் சிப்பாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவர் தன் சிப்பாயை அதைத் தாண்டி ஒரு கட்டம் முன்னே தள்ளியிருந்தார்.

அட்வான்ஸ் வேரியேஷன். அவர் ஒருநாளும் ஆடாதது.

கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் பேனாவை மூடியால் மூடிச் சட்டைப் பையில் செருகினார். போர்டில் உட்கார்ந்து பேசக் கூடாது. நான் எழுந்து தண்ணீர் கேன் பக்கம் போனேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து டம்ளரை எடுத்தார்.

"என்ன செய்யுதீங்க?" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"எக்ஸ்சேஞ்ச் ஆடி பத்து மூவுல கை குடுத்தா ஆர்பிட்டருக்குச் சந்தேகம் வரும்ட்டி. இதுலயும் டிராதான் வரும். நீ பாட்டுக்கு ஆடு."

நம்பினேன். பாதி நம்பினேன் என்று சொல்ல ஆசை, ஆனால் முழுசாகத்தான் நம்பினேன். வந்து உட்கார்ந்து மேலும் நான்கைந்து மூவ் ஆடினேன். அவர் பிஷப்பை ராணிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, நடுச் சிப்பாயைக் காவல் இல்லாமல் விட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அது கேம்பிட். நடுவில் நிற்கிற சிப்பாயைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு ராஜா மேல் பாய்கிற வழி. அவசரப்பட்டு அந்தச் சிப்பாயை எடுத்தால் பிஷப் பக்கவாட்டில் விலகி ஒரு செக் வைக்கும், அதன் பின்னால் நிற்கும் அவர் ராணி என் ராணியைத் தூக்கிவிடும். இந்த வழியில் டிராவுக்கு ஆடுகிறவன் உலகத்தில் யாரும் இல்லை.

அதைவிடக் கேவலமாகப் பட்டது அவருடைய வேகம். ஒவ்வொரு மூவும் நான் கடிகாரத்தை அழுத்திய மறுகணம் வந்தது. சாதாரணமாகக் குதிரையைத் தூக்குவதற்கே இரண்டு நிமிடம் யோசிக்கிற மனுஷன். இது மனப்பாடம். உட்கார்ந்து படித்தது.

ஜன்னலுக்கு வெளியே யாரோ பிள்ளையை அதட்டுகிற சத்தம் ரொம்ப தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. ஆர்பிட்டரைக் கூப்பிட்டு என்னவென்று சொல்ல? நாங்கள் டிரா பேசி வைத்திருந்தோம் ஐயா, இவர் மீறிவிட்டார் என்றா? சொன்னால் இருவர் பெயரையும் அடித்துவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் தள்ளியிருக்கிறார்.

அந்த ஒரு மூவுக்கு நான் இருபது நிமிடம் எடுத்தேன். யோசிக்கவில்லை. வெறுமனே போர்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கடிகாரம் ஓடியது. அப்புறம் எப்படியோ புத்தி வந்தது. முதலில் என் பிஷப்பை ஒரு கட்டம் எடுத்து அந்தச் செக்கை அடைத்தேன். பிறகு சிப்பாயை எடுத்தேன். அவர் இரண்டாவது சிப்பாயையும் நீட்டினார். அதைத் தொடவில்லை. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அவர் குதிரை வரும் வழியை மூடினேன். அவர் அப்போதுதான் முதன்முறையாக யோசிக்க ஆரம்பித்தார். படித்தது அங்கே முடிந்துபோயிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் ஆடிய ஆட்டத்தை இன்றும் ஒரு மூவ் பிசகாமல் சொல்லுவேன். அவருடைய தாக்குதலுக்கு உயிர் அந்த பிஷப்தான். என் குதிரையைச் சுற்றவிட்டுக் கொண்டுபோய் அதைக் கொடுத்து பிஷப்பை வாங்கினேன். ராணிகள் போயின. அவர் காய்கள் வந்த வழியே பின்வாங்கின. எனக்கு ஒரு சிப்பாய் அதிகம், அதுவும் நடுவில், தடுப்பார் இல்லாமல் நடந்துபோகக்கூடிய சிப்பாய். அவர் காது மடல் சிவந்திருந்தது. அவருக்குத் தோல்வி வரும்போது அப்படி ஆகும். எட்டு வருடக் குடித்தனத்தில் அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அப்போது அவர் ஒரு மூவை ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்னால் மெல்லிய குரலில், "டிரா?" என்றார். சிரித்தார் வேறு. பேசியபடிதானே என்கிற சிரிப்பு.

நான் அந்த இடத்தில் கை கொடுத்திருந்தால் கோப்பை என்னுடையது. அவர் செய்தது எனக்குள்ளேயே இருந்திருக்கும், எப்படியாவது கரைந்தும் போயிருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு என்னால் கையை நீட்ட முடியவில்லை. தோற்கும்போது மட்டும் அவருக்கு ஒப்பந்தம் ஞாபகம் வருகிறது. தலையை ஆட்டினேன். அவர் டிரா கேட்டதை ஸ்கோர்ஷீட்டில் குறித்தேன். சிப்பாயை ஒரு கட்டம் முன்னே வைத்தேன்.

எனக்கு அப்போது நேரம் கரைந்துபோயிருந்தது. ஆரம்பத்தில் உறைந்து உட்கார்ந்திருந்த இருபது நிமிடமும், அப்புறம் ஒவ்வொரு மூவுக்கும் கொடுத்ததும் சேர்ந்து, மூவுக்கு முப்பது விநாடி என்ற கூடுதலில்தான் மூச்சு ஓடியது. அவருக்குப் பதினைந்து நிமிடம் பாக்கி. என் ராஜா மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் மூலையில் இருந்தது. அதில் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தி ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை நினைத்தேன். அடுத்த மூவில் செய்யலாம், அடுத்த மூவில் செய்யலாம் என்று தள்ளினேன். எனக்கு அவரைச் சீக்கிரம் தோற்கடிக்க வேண்டியிருந்தது. கடைசி வரிசையில் காவலுக்கு நின்ற யானையை எடுத்து சிப்பாய்க்குத் துணையாகப் பின்னால் வைத்தேன். கை எடுத்த கணமே தெரிந்துவிட்டது.

அவருடைய யானை என் கடைசி வரிசைக்கு வந்து நின்றது. செக்மேட். நான் பள்ளிச் செஸ் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற செக்மேட்.

அவர் கை நீட்டினார். கொடுத்தேன். இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் கையெழுத்துப் போட்டோம். ஆர்பிட்டர் வந்து முடிவைப் பார்த்துவிட்டு, "அப்ப பெண்கள் கோப்பை போயிட்டே, டீச்சர்" என்றவர் என் முகத்தைப் பார்த்து, "பரவாயில்ல, எப்படியும் பரிசு உங்க வீட்டுக்குத்தான போகுது" என்றார்.

அந்த வாக்கியத்தை அன்று மாலைக்குள் நான் ஏழெட்டு முறை கேட்டேன். வெற்றியால் அவர் மொத்தப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்துவிட்டார். என் கோப்பையை ஒரு கல்லூரி மாணவி வாங்கினாள். நன்றாக ஆடுகிற பெண். அவள் மீது எனக்கு ஒன்றுமில்லை. பிறகு மைக் பிடித்தவர் என் கணவர் பெயரைச் சொல்லி, "சொந்த வீட்டம்மாவையே தோற்கடிச்ச தைரியசாலி" என்றார். மண்டபம் சிரித்தது. "அம்மாவும் மேடைக்கு வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம்" என்றார்கள். நான் அசையவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள், "போங்க, போங்க" என்று எழுப்பிவிட்டார்கள். மேடையேறி அவர் பக்கத்தில் நின்றேன். அவர் ஷீல்டின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன். அந்தப் போட்டோவில் நான் சிரித்திருக்கிறேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

தென்காசிக்குத் திரும்பும்போது சாரல் முகத்தில் அடித்தது. பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "நான்தான் டிரா கேட்டேம்லா. நீதான வேண்டாம்னுட்ட?"

"அது தோக்கும்போது கேட்டது."

"எப்ப கேட்டா என்ன? பேசினபடி கேட்டேன். நீ ஜெயிக்கணும்னு ஆசைப்பட்ட, தோத்துட்ட. இதுல என் தப்பு என்ன இருக்கு?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மோசம் செய்தவர் கடைசியில் நியாயஸ்தராக நின்றார். கோபப்பட்ட நான் பேராசைக்காரியாக நின்றேன். எனக்கு என்று மிச்சமிருந்த புகாரைக்கூட அந்த டிராவை மறுத்து நானே அவர் கையில் கொடுத்திருந்தேன்.

மகளைக் கூட்டிவரப் போனபோது மாமியார், "எம்மா, புருஷன் ஜெயிச்சதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டாள். அவர் அதற்குள் போனில் சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கு வினாத்தாள் அடிக்க லேப்டாப்பைத் திறந்தேன். தேடிப் பார்க்கவெல்லாம் இல்லை. கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பட்டியலில் முதலாவதாக அதுதான் இருந்தது. பிரெஞ்ச் டிஃபன்ஸுக்கு எதிராக வெள்ளை ஆட வேண்டிய வழிகள். கிளை கிளையாக, கவனமாக. அதோடு கூடவே பதினொரு ஆட்டங்கள். பதினொன்றும் என்னுடையவை. நான் எங்கே எவ்வளவு நேரம் எடுக்கிறேன், எந்த இடத்தில் தடுமாறுகிறேன் என்று பக்கத்தில் குறிப்புகள். ஆரம்பித்த தேதியைப் பார்த்தேன். ரேட்டிங் பட்டியல் வந்த அதே வாரம். எங்களுக்குள் ஆட்டம் வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வந்தால் தயாராக இருக்க வேண்டும் என்று இரண்டு மாதமாகப் படித்திருக்கிறார். நான் அடுப்படியில் நின்று அவருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதம்.

மதியம் சாப்பிட வந்தவரிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எதிராளி கேமைப் பாக்கது தப்பா? எல்லாரும்தான் பாக்காங்க."

எதிராளி. அவர் யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. குழம்பு ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்துவிடவில்லை. நல்லது கெட்டதுக்குச் சேர்ந்துதான் போகிறோம். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேரும்தான் விழித்திருக்கிறோம். சாப்பிட்டபின் போர்டு விரிப்பது மட்டும் இல்லை. போட்டிக்கும் சேர்ந்து போவதில்லை. ஒன்றுக்கு அவர் போனால் அடுத்ததற்கு நான். கேட்கிறவர்களுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருக்க வேண்டாமா என்று சொல்லுகிறோம். பிள்ளைக்கு இப்போது பத்து வயது.

இந்த வருடம் குற்றாலம் போட்டி என் முறை. தென்காசியிலிருந்து பஸ்ஸில் தனியாகப் போய் வந்தேன். கடைசிச் சுற்றுக்கு முன்னால் என்னோடு ஆட வேண்டியவர், வங்கியில் வேலை பார்க்கும் நடுத்தர வயதுக்காரர், டீக்கடையில் என்னைத் தேடி வந்தார். "மேடம், டிரா எடுத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுல்லா? நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆடிப் பாப்போம் சார்" என்றேன்.

ஆடினோம். நாற்பத்தேழு மூவில் தோற்றேன். எந்தப் பரிசும் இல்லை. மழை பிடித்துக்கொண்டதில் பஸ் மெதுவாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் டிவி சத்தத்தைக் குறைத்து, "என்ன ஆச்சு?" என்றார்.

"தோத்துட்டேன்."

யார், என்ன ஓப்பனிங், எங்கே விட்டாய் என்று கேட்க அவருக்கு வாய் துடித்தது தெரிந்தது. கேட்கவில்லை. நான் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே மகள் சாப்பிட்டாளா என்று கேட்டேன். ரெண்டு தோசை சாப்பிட்டா என்றார்.